சலானோடு முடியும் வழக்குகள்

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் கௌதள்ளி. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் அதிலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. நிர்வாக எல்லைகள் இப்படி மாறினாலும் மக்கள் போக்குவரத்து மாறவில்லை. சிவராத்திரிக்கும் உகாதிக்கும் தீபாவளிக்கும் சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்து வண்டிகள் மேட்டூர், கொளத்தூர், பாலாறு என்று மலையேறுகின்றன. சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே மைசூர் பார்க்கப் போகிறவர்கள் கௌதள்ளியைக் கடந்து போகிறார்கள்.

இந்தச் சாலையில் தலைக்கவசம் இல்லாமல் வந்த மேட்டூர்க்காரர் ஒருவரைப் போலீஸ் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் அதற்கு அபராதம் 500 ரூபாய். அங்கேயே கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால், கொள்ளேகால் நீதிமன்றத்துக்கு இன்னொரு நாள் மலையேறி இறங்கி வர வேண்டும். ஒருநாள் கூலி போகும். பஸ் செலவு, வக்கீல் செலவு வேறு. சலான் எழுதிய போலீஸ்காரரும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டும். நடுவர், திருட்டு வழக்குக்கும் அடிதடி வழக்குக்கும் இடையே இந்தத் தலைக்கவசத்தை விசாரிக்க வேண்டும். மூன்று தரப்புக்கும் நட்டமான இந்த ஏற்பாட்டைத் தவிர்க்க வந்ததுதான் நிலையான அபராதம். குற்றத்துக்குத் தொகை முன்பே எழுதப்பட்டிருக்கும். ஒப்புக்கொண்டு கட்டுகிறவருக்கு நீதிமன்றம் தேவையில்லை. இந்த ஏற்பாடு நீதிமன்றத்தின் சுமையை உண்மையில் குறைத்ததா, குறைத்தது என்றால் அந்தச் சுமை எங்கே போனது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சென்னையில் எழும்பூர், ஜார்ஜ் டவுன், சைதாப்பேட்டை நடுவர் நீதிமன்றங்களைப் பழைய தலைமுறை ‘போலீஸ் கோர்ட்டு’ என்றே சொல்லும். போலீஸ் கொண்டுவரும் சில்லறை வழக்குகளே அங்கே கூட்டம். போலீஸ் பேச்சில் அவற்றுக்கு இன்றும் ‘பெட்டி கேஸ்’ என்று பெயர். விளக்கில்லாத சைக்கிள், ஓரத்தில் நிறுத்திய வண்டி, தெருவில் போட்ட சண்டை எல்லாம் ஒரே கட்டில் வரும். பெயர் கூப்பிட்டு, ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா’ என்று கேட்டு, தொகை சொல்லி அனுப்புவார்கள். கூட்டத்தைக் குறைக்க நடுவரே வண்டியில் வந்து சாலையோரம் விசாரிக்கும் நடமாடும் நீதிமன்றங்களும் வந்தன.

சுமையைக் குறைக்கும் யோசனை சட்டத்தில் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவே, சிறு குற்றங்களுக்கு நேரில் வராமல் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தை அனுப்பிவைக்க வழி செய்திருந்தது. இங்கிலாந்தில் இத்தகைய தபால் வழி ஒப்புதல் 1957இல்தான் சட்டமானது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த ஏற்பாடு 208ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. அதைவிட முக்கியமானது 200ஆம் பிரிவு. மாநில அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு, எந்த அதிகாரி வாங்கலாம் என்று நிர்ணயிக்கலாம். அந்தத் தொகையைக் கட்டினால் மேல் நடவடிக்கை கிடையாது. போக்குவரத்துத் துறையில் இதை இணக்கக் கட்டணம் என்கிறார்கள். மக்கள் நாவில் அது ‘ஸ்பாட் ஃபைன்’.

இந்தப் பட்டியலில் பல குற்றங்களுக்குத் தொகை நெடுங்காலம் 100 ரூபாயில் நின்றது. பணவீக்கத்தில் அந்தத் தொகை உறைக்காமலே போனது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அதை ஒரே அடியாக உயர்த்தியது. தலைக்கவசத்துக்கு 100 என்பது 1,000 ஆனது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 500 என்பது 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல்முறையே 10,000. எதிர்ப்புக் கிளம்பியது. குஜராத் அதே மாதம் தொகைகளைக் குறைத்தது. கர்நாடகமும் அதே செப்டம்பரில் தலைக்கவசத்துக்கு 500 என்று இறக்கியது. தமிழ்நாடு மூன்றாண்டு காத்திருந்து 2022 அக்டோபரில் 1,000 ரூபாயை ஏற்றது. ஆகவே மாதேஸ்வரன் மலையின் ஒரு பக்கத்தில் 500, மறுபக்கத்தில் 1,000. கூட்டாட்சியில் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் தொகை ஒரு மாநிலத்தில் இப்படி, இன்னொன்றில் அப்படி என்று இருக்கும்போது, ‘முன்பே எல்லோருக்கும் தெரிந்த தொகை’ என்ற அடிப்படை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் 1960இல் வண்டி நிறுத்தும் குற்றங்களுக்கு நிலையான அபராதச் சீட்டைக் கொண்டுவந்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 1986 முதல் அதை வேகம் உள்ளிட்ட பல ஓட்டும் குற்றங்களுக்கும் விரித்தது. ஜெர்மனி இன்னும் துணிந்தது. 1968இல் இயற்றிய சட்டத்தால் சிறு போக்குவரத்துத் தவறுகளைக் குற்றவியல் சட்டத்திலிருந்தே வெளியே எடுத்தது. அவை இனி ‘குற்றம்’ ஆகா, ஒழுங்குமீறல் மட்டுமே. அபராதத்தை நிர்வாக அலுவலகமே விதிக்கும். ஏற்காதவர் மட்டும் நீதிமன்றம் போகலாம். ஆயிரக்கணக்கான வழக்குகள் நீதிமன்றங்களைவிட்டு நீங்கின.

அந்த ஜெர்மன் ஏற்பாட்டைச் சோதித்த வழக்கு ஒன்று நம் எல்லையோர ஊர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒஸ்டுர்க் என்ற துருக்கியர் ஒருவர் நிறுத்தியிருந்த காரில் மோதியதற்காக 60 மார்க் அபராதம் பெற்றார். ஏற்க மறுத்து நீதிமன்றம் போனார். மொழிபெயர்ப்பாளருக்கான செலவு 63 மார்க் 90 என்று அவர் தலையில் விழுந்தது. அபராதத்தைவிட மொழிபெயர்ப்புக் கூலி அதிகம். 1984இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பெயரை மாற்றி ஒழுங்குமீறல் என்று அழைத்தாலும், தண்டிக்கும் தன்மை இருக்கும்வரை நியாயமான விசாரணைக்கான உரிமைகள் போகாது, அதில் இலவச மொழிபெயர்ப்பும் ஒன்று. கன்னடம் படிக்கத் தெரியாத மேட்டூர்க்காரருக்குக் கன்னடத்தில் வரும் அறிவிப்பும், தமிழ் படிக்கத் தெரியாத கௌதள்ளிக்காரருக்குச் சேலத்திலிருந்து தமிழில் வரும் அறிவிப்பும் ஒன்றே. படிக்க முடியாத தாளை ஒருவர் ஒப்புக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது?

நிலையான அபராதத்தின் முழு நியாயமும் அந்த ஒப்புதலில்தான் நிற்கிறது. நீதிமன்றத்தைத் தாண்டிச் செல்ல அரசுக்கு அனுமதி கொடுப்பது சாலையில் நிறுத்தப்பட்டவரின் சம்மதம் ஒன்றே. அந்தச் சம்மதம் உண்மையாக இருக்க வேண்டுமானால், மறுக்கும் வழி நடக்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

இனிக் கர்நாடகத்தின் அண்மை அனுபவத்துக்கு வருகிறேன். இக்கேள்விக்கு இந்தியாவில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று அதுதான். கேமரா வந்தது, இ-சலான் வந்தது. வண்டியை நிறுத்தாமலே எண்ணைப் படித்து, கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினார்கள். வழக்குகள் பெருகின, கட்டுகிறவர்கள் பெருகவில்லை. நிலுவை மலையாக வளர்ந்தபோது, மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் யோசனையின்பேரில் அரசு 2023 பிப்ரவரி தொடக்கத்தில் 50 விழுக்காடு தள்ளுபடி அறிவித்தது. கடைசி நாள் பிப்ரவரி 11, தேசிய மக்கள் நீதிமன்றம் கூடிய நாள். பெங்களூரில் மட்டும் அந்த ஒன்பது பத்து நாட்களில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் தீர்ந்தன. 120 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. போக்குவரத்துக் காவல் நிலையங்களில் மக்கள் வரிசையில் நின்று கட்டினார்கள்.

அந்த வரிசை இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. மக்களுக்குக் கட்ட மனமிருக்கிறது. தொகை கைக்கு எட்டினால், வழி எளிதானால் கட்டுகிறார்கள். இது நல்ல செய்தி. மற்றொன்று அவ்வளவு நல்லதில்லை. அந்த 40 லட்சம் வழக்குகளும் அதற்கு முன் தீர்க்கப்படாமல் கணினியில் கிடந்தன. நீதிமன்றப் பதிவேட்டில் ஏறாததால் நீதிமன்றச் சுமை குறைந்ததுபோலத் தெரிந்தது. சுமை குறையவில்லை, அறை மாறியிருந்தது. தெலங்கானா 2022 மார்ச்சிலேயே இதே வழியில் போய், இருசக்கர வண்டிகளுக்கு 75 விழுக்காடு வரை விட்டுக்கொடுத்தது. உத்தரப் பிரதேசம் 2017 முதல் 2021 வரையிலான நிலுவைச் சலான்களை ரத்தே செய்தது.

கர்நாடகம் 2023 மார்ச்சிலும் ஜூலையிலும் தள்ளுபடியைத் திரும்ப அறிவித்தது. 2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரை மறுபடியும் பாதித் தொகை. இது தவறான பாடத்தைக் கற்பிக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். செய்தி வந்த மறுநாளே 500 ரூபாய் கட்டியவர் முழுத்தொகை கொடுத்தார். இரண்டாண்டு கண்டுகொள்ளாமல் இருந்தவர் 250 கொடுத்தார். சட்டத்தை மதித்தவருக்கு இதைவிட மனம் நோகும்படி எதையும் செய்ய முடியாது. மலேசியா 2026 ஜனவரி முதல் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது: சம்மன் வந்த 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30 நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு கழிவு, அதன்பின் கழிவில்லை, 60 நாள் தாண்டினால் நீதிமன்றம். அங்கேயும் நெடுங்காலம் அவ்வப்போது தள்ளுபடி விழாக்கள் நடத்திக் களைத்துப்போய்த்தான் இந்த முறைக்கு வந்தார்கள். காத்திருந்தால் கூடும், காத்திருந்தால் குறையாது என்ற விதி எழுதப்பட்டிருந்தால் ஓட்டுநரின் கணக்கே வேறாகிவிடும்.

இலங்கையின் முறை பழையது, கண்டிப்பானது. போலீஸ் தண்டப்பணச் சீட்டு எழுதி, சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்ட வேண்டும். தாண்டினால் இரட்டிப்பு, 28 நாள் தாண்டினால் நீதிமன்றம். நிலுவை மலையாகச் சேராததற்கு அனுமதிப்பத்திரம் போலீஸ் கையில் இருப்பதே காரணம். ஆனால் யாழ்ப்பாணத்து லொறிச் சாரதி குருநாகலில் பிடிபட்டால், பணம் கட்டியும் பத்திரத்தை மீட்கப் பட்ட பாடு சிறிதில்லை. 2025 ஏப்ரலில் கைப்பேசி வழியாக அந்த இடத்திலேயே கட்டிப் பத்திரத்தைத் திரும்பப் பெறும் வசதியைச் சோதனையாகத் தொடங்கியது அந்தத் துன்பத்துக்குத்தான் மருந்து.

நம் சட்டத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 468ஆம் பிரிவு. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. என்றாலும் வழக்கு அங்கே வந்தால்தான் மன்னிப்பு. நீதிமன்றத்துக்கே போகாமல் ஐந்தாறு ஆண்டு கணினியில் கிடந்த சலான், சட்டத்தின் கண்ணில் எவ்வளவு உயிருள்ளது? அரசு தள்ளுபடி கொடுத்து வசூலிப்பதற்கு இந்தப் பலவீனமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். பலவீனமான கடனைத்தானே பாதி விலைக்குத் தீர்ப்பார்கள்.

2019இல் டெல்லியில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவிய மெய்நிகர் நீதிமன்றம் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்க்கிறது. சலான் நேரே அங்கே போகும். நடுவர் திரையில் பார்த்துத் தொகை குறிப்பார். உரியவர் கட்டலாம், மறுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றக் கண் ஒன்று படுவதால் இதை நான் வரவேற்கிறேன். ஆனால் கட்டுவது இரண்டு தட்டலில் முடிகிறது, மறுப்பவருக்கோ பழைய வராந்தாதான் மிச்சம்.

மறுக்க வேண்டிய வழக்குகள் இருக்கவே செய்கின்றன. கேமரா எண்பலகையைத் தவறாகப் படிக்கும். திருட்டு எண்பலகை மாட்டிய வண்டிக்கான சலான், அந்த எண்ணுக்கு உரிய அப்பாவிக்குப் போகும். விற்றுவிட்ட வண்டியின் பெயர்மாற்றம் நடக்காமல் பழைய உரிமையாளர் மாட்டுவார். கேமரா வழக்குகளுக்கான விதியாக மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் 167ஏ சேர்க்கப்பட்டது. கேமரா பதிவுசெய்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றது அது. வண்டியும் எண்ணும் இடமும் நேரமும் காட்டும் படச்சான்று வேண்டும். என்றாலும் தவறாக மாட்டியவர் 1,000 ரூபாய்க்காக அலைவதைவிடக் கட்டித் தொலைப்போம் என்று நினைப்பார். செய்யாத குற்றத்துக்கு ஒருவர் அமைதியாகப் பணம் கட்டினால் நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு வழக்குக் குறையும். அந்தக் குறைவைச் சாதனையாக எண்ணக் கூடாது.

எல்லாக் குற்றத்தையும் சலானோடு முடிக்கவும் கூடாது. 200ஆம் பிரிவின் பட்டியலில் குடித்துவிட்டு ஓட்டும் 185 இல்லை. அபாயகரமாக ஓட்டும் 184இல், கையில் கைப்பேசி பிடித்து ஓட்டுவதற்கு மட்டுமே இணக்கம் உண்டு. சட்டத்தின் எழுத்துப்படி, எதிர்த்திசையில் வந்தவரும் கண்மூடித்தனமாக முந்தியவரும் நடுவர் முன் நிற்க வேண்டும். அந்த எல்லை சரியான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. 2019 திருத்தம் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. இணக்கக் கட்டணம் கட்டி முடித்த குற்றமும், அடுத்தமுறை பிடிபடும்போது முந்தைய குற்றமாகவே எண்ணப்படும். பணம் கட்டினால் துடைத்துப்போகும் என்று இருந்ததை அது நிறுத்தியது.

இந்த எல்லையை வலுப்படுத்தியதில் கோவைக்குப் பங்குண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கிலிருந்து 2014இல் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று பிறந்தது. நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் இயங்கிய அக்குழு, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, சரக்கு வண்டியில் ஆளேற்றுவது போன்றவற்றுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க 2015இல் அறிவுறுத்தியது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884. சரக்கு வண்டியில் பக்தர்களை நிற்கவைத்து மலைப்பாதையில் ஏற்றி வருகிறவரிடம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அதே வண்டியை அதே ஆட்களோடு அனுப்பிவைத்தால், அது அபராதமாகாது. சாவுக்கு வாங்கிய நுழைவுக் கட்டணம்.

தொகை ஒன்றே என்பது எல்லோர்மீதும் ஒரே எடையாக விழுவதும் இல்லை. பின்லாந்தில் பெரிய வேகமீறலுக்கு வருமானத்தைப் பார்த்து அபராதம். நோக்கியா நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவருக்கு 2002இல் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் விதிக்கப்பட்டது. சிறு மீறலுக்கு அங்கேயும் நிலையான தொகைதான். வருமானம் பதிவாகாத கூலிக்காரர்கள் நிறைந்த நம் நாட்டில் அந்த முறை இப்போதைக்கு எடுபடாது. அதற்குப் பதில் சிறு மீறலுக்குச் சிறு தொகை, திரும்பத் திரும்பச் செய்கிறவருக்கு உரிம நிறுத்தம் என்பதே ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரேபோல் உறைக்கும். உரிமம் போவது காரில் வருகிறவருக்கும் வலிக்கும்.

2025 மே மாதம் பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் வழியில் உள்ள மண்டியாவில், நாய் கடித்த குழந்தையைப் பைக்கில் மருத்துவமனைக்குக் கொண்டுபோன பெற்றோரைத் தலைக்கவசத்துக்காகப் போலீஸ் நிறுத்தியது. அந்தக் குழப்பத்தில் குழந்தை சாலையில் விழுந்து வண்டி ஏறி இறந்தது. மூன்று காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் மீறல் இல்லாமல் ஆவணச் சோதனைக்கென்று வண்டிகளை நிறுத்தக் கூடாது என்று மாநிலக் காவல் தலைமை அறிவுறுத்தியது. சில நூறு ரூபாய்ச் சீட்டுக்காக ஓடும் வண்டியைக் கைநீட்டித் தடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். கேமராவும் இ-சலானும் அதற்கு வழிசெய்யும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவற்றின் பக்கம் நிற்கிறேன்.

ஆகவே என் முடிவு இது. நிலையான அபராதம் நீதிமன்றத்துக்குத் தேவை. ஒப்புக்கொள்கிறவர்களின் கூட்டம் அங்கிருந்து விலகினால்தான் மறுக்கிறவரின் பேச்சைக் கேட்க நடுவருக்கு நேரம் கிடைக்கும். அந்த நேரத்தை அரசு உண்மையில் மறுப்பவருக்குக் கொடுக்க வேண்டும். கர்நாடக, தமிழ்நாட்டு அரசுகள் எல்லையோர மாவட்டங்களிலாவது சலானைக் கன்னடத்திலும் தமிழிலும் அனுப்பட்டும். மறுப்பைக் காணொலியில், சொந்த ஊரிலிருந்தே சொல்ல வழி செய்யட்டும். கழிவு கொடுப்பதானால் முதல் 15 நாளில் கட்டுகிறவருக்குக் கொடுக்கட்டும். கட்டாத சலானை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்கு அனுப்பட்டும், இல்லையேல் கைவிடட்டும்.

சலான் வந்த வாசகர்கள் படத்தைத் திறந்து வண்டி, எண், நாள் மூன்றையும் சரிபாருங்கள். உங்கள் தவறுதான் என்றால் உடனே கட்டுங்கள், அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்காதீர்கள். உங்கள் தவறில்லை என்றால் கட்டாதீர்கள், எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.